எறும்புகள் தூக்கிப்போன பனி

முதலில் பார்த்தது ஷமீமாதான்.

"ஏட்டி கோமதி, பனி நகருது."

நான் திரும்பவில்லை. தாராவியில் எங்கள் மாடி அறையின் டியூப்லைட் மழை பெய்தால் சிமிட்டும். அப்போது எல்லாமே நகர்வதுபோலத்தான் தெரியும். டீ வடிகட்டியைக் கழுவிக்கொண்டே, "லைட்டை ஒரு தட்டு தட்டு, சரியாப் போவும்" என்றேன்.

"லைட்டு இல்லளா. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். ஜன்னல் கட்டையில் ஒரு வட்டத் தட்டு இருந்தது. உள்ளங்கையில் நாலைந்து வைக்கலாம், அவ்வளவு சிறியது. தட்டில் ஒரு பாறை, பாறையின் தோளில் பனி. பனியின் ஒரு ஓரத்தைக் காணோம். தட்டின் விளிம்பிலிருந்து கட்டை வழியாகச் சுவர் விரிசல் வரைக்கும் சிற்றெறும்பு வரிசை. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைத் துகள்.

எங்கள் பனியை எறும்புகள் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொண்டிருந்தன.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தத் தட்டு வெறும் சாம்பிள். அதே பனியைத் தூவிய மற்றத் தட்டுகள் எல்லாம் முந்தின நாளே செம்பூருக்குப் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை வேலை

கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் நான் பார்க்கும் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வாரம் முழுக்க சிமென்ட் கட்டிகளை உடைக்கிறீர்கள், லீவு நாளில் என்ன செய்வீர்கள்?" அதற்கான பதில் இது. லீவு நாளில் பனி செய்வேன்.

பனியில் விளையாடுகிறவர்களுக்காக இல்லை. மேஜைமேல் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிப்பாய் சுண்டு விரலில் பாதி உயரம் இருப்பான். அவன் காலடியில் ஒட்டும் தட்டுக்கு 'பேஸ்' என்று பெயர். பாலைவனப் போர் என்றால் பேஸில் மணல், காட்டுப் போர் என்றால் புல். குளிர்காலப் போர் என்றால் பனி வேண்டும்.

இதற்குள் எங்களை இழுத்துவிட்டது ஷமீமாவின் வாப்பா. அவருக்கே அது தெரியாது. அவர் தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கிறார். செம்பூரில் ஒரு விளையாட்டுக் கஃபே, தாயக்கட்டை போட்டுவைக்கச் சின்னத் தோல் சுருக்குப்பைகள் கேட்டிருந்தது. கொடுத்துவிட்டு வரப்போன ஷமீமா, அங்கிருந்த கண்ணாடி அலமாரி முன்னால் நின்றவள் நகரவில்லை. பைகளுக்குப் பூ வரைந்துகொண்டிருந்த கை அவளுடையது. சிப்பாயின் கண் புருவத்தைக்கூட வரைந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பொறாமை வந்துவிட்டது.

கஃபேயை நடத்தும் வைஷ்ணவி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். குளிர்காலப் போருக்கு ஒரு மேஜை போட ஆசைப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பனி டப்பா காய்ந்துபோய் வந்திருந்தது. "இங்கயே யாராவது பண்ணித் தருவாளா?" என்று அவர் ஷமீமாவிடம் சும்மாதான் கேட்டார். ஷமீமா சும்மா பதில் சொல்லவில்லை.

அன்று மாலை என்னிடம் வந்து சொன்னாள்: "நீ சிமென்ட்டு, மணல்னு படிச்சவ. பனியும் ஒருவகை மணல்தான? செஞ்சிரு."

மாடிக்கு ஒரு நிபந்தனை

பட்டறைக்கு மேலே இரும்பு ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அட்டைப்பெட்டி, பழைய அச்சுகள், ஒரு ஜன்னல். வாப்பா அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அதுவும் நிரந்தரமாக இல்லை. பக்ரீத் முடிந்ததும் அவருடைய அக்கா மகன் காசிம் கடையநல்லூரிலிருந்து இரண்டு தையல் மெஷின்களோடு வருவதாக இருந்தது. மெஷின்களுக்கு அந்த மாடிதான் என்று பேச்சு.

ஷமீமா இரண்டு நாள் சாப்பிடும்போதெல்லாம் இதையே பேசினாள். கடைசியில் வாப்பா சொன்னார்:

"ஒரு ஆர்டர் முடிச்சுக் காட்டுங்க. மால் போவணும், வாபஸ் வரக்கூடாது. வரலைன்னா மாடி ஒங்களுக்கு. வந்துதுன்னா மெஷினு மேல ஏறும். பொறவு என் முன்னால நின்னு அழப்படாது."

பட்டறையில் சரக்கின் தரத்துக்கு அவரிடம் இருப்பது இந்த ஒரே அளவுகோல்தான். போன சரக்கு திரும்பக் கூடாது.

எங்களுக்கு அந்த மாடி ஏன் அவ்வளவு தேவை என்று கேட்கலாம். என் வீடு ஒற்றை அறை. அதில் பாதி அம்மாவின் முறுக்கு அடுப்பு. ஷமீமாவின் வீட்டில் ராத்திரி எல்லோரும் படுத்தால் தரை தெரியாது. பெயின்ட் தடவிய ஒரு பொருளை விடியும்வரை யாருடைய கையும் காலும் படாமல் காயவைக்க ஓர் இடம். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். தாராவியில் அது எவ்வளவு பெரிய ஆசை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

தோற்றுப்போன பனிகள்

எனக்கு எதையும் வரிசையாக எழுதிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஆகவே, தோற்றவை:

உப்பு. தூவிய அன்று அற்புதமாக இருந்தது. மறுநாள் மழைக்காற்றில் தண்ணீராகித் தட்டை விட்டு வழிந்துவிட்டது.

பஞ்சு. பஞ்சு மாதிரியே இருந்தது.

தெர்மோகோல். சுரண்டினால் குட்டிக் குட்டி உருண்டைகள். சிப்பாய் ஜவ்வரிசிக்குள் நிற்பதுபோலத் தெரிந்தான். தவிர, அது தட்டில் ஒட்டியதைவிட ஷமீமாவின் துப்பட்டாவில் ஒட்டியது அதிகம்.

முகப்பவுடர். பசை பட்டதும் வெள்ளை போய், ஈரச் சுவர் நிறமாகிவிட்டது. வாசனை மட்டும் போகவில்லை.

சமையல் சோடா. பலரும் சொல்லும் வழி. ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு மேலே ஏடு கட்டி, மெல்ல மஞ்சளித்தது.

கடைசியில் பிடிபட்டது கோலப்பொடி. பம்பாயில் ரங்கோலிக்கு விற்கும் வெள்ளைப் பொடி. அரைத்த பளிங்குக் கல். மழைக்குக் கரையாது, மஞ்சளிக்காது, கனம் உண்டு. கடையில் வாங்கியபடியே போட்டால் ஒவ்வொரு மணியும் சிப்பாயின் தலை அளவுக்குத் தெரியும். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் மணலைச் சலிக்க ஒன்றின்மேல் ஒன்றாகச் சல்லடைகளை அடுக்கிவைத்திருப்போம். அதே முறையை வீட்டுச் சாமான்களால் செய்தேன். முதலில் டீ வடிகட்டி, பிறகு மல்துணி. துணிக்குக் கீழே விழுவதுதான் பனி.

நிறத்துக்கு விடை கிடைத்தது மீன் மார்க்கெட்டில். நானும் ஷமீமாவும் பனியைப் பார்த்ததில்லை. போட்டோவில் பார்த்துச் செய்தது எல்லாம் சுண்ணாம்பு அடித்தது போலவே வந்தது. சயானில் ஒருநாள் வாவல் மீன் வாங்க நின்றபோது பெட்டிக்குள் கொட்டியிருந்த ஐஸ்தூளைக் கவனித்தேன். மேலே வெள்ளை. குழிந்த இடத்தில் லேசான நீலம். உருகும் ஓரத்தில் கண்ணாடி. மீன்காரம்மா, "லேனா ஹை க்யா? ஐஸ் கோ க்யா தேக் ரஹீ ஹை?" என்று, மீன் வாங்காமல் ஐஸை வெறித்ததற்காக அதட்டும்வரை பார்த்தேன். அன்று ராத்திரி வெள்ளைப் பெயின்ட்டில் ஊசி முனையளவு நீலம் சேர்த்தோம்.

முறை இப்படி நிலைத்தது. மேட்டுக்குக் கீழே சுவர்ப்பூச்சுப் பட்டி. அது காய்ந்ததும், பொடியும் வெள்ளைப் பசையும் பெயின்ட்டும் குழைத்த களி. களி ஈரமாக இருக்கும்போதே சிப்பாயின் காலை ஒருமுறை அமுக்கி எடுத்தால் காலடித் தடம். கடைசியாக வடிகட்டியைத் தட்டித் தட்டி வெறும் பொடித் தூவல். அதன்மேல் வார்னிஷ் அடித்தால் அந்தப் பூத்தன்மை போய்விடும் என்று அப்படியே விட்டோம்.

எறும்புக்கு வசதியாகப் போனது அப்படி விட்டதுதான்.

அம்மா போட்ட இரண்டு கை

கல்லை எறும்பு தூக்காது. அப்படியானால் இது வெறும் கல் இல்லை.

பட்டறையில் கத்தி கையில் பட்டால் போட அயோடின் மருந்து வைத்திருப்பார்கள். கீழே போய் எடுத்துவந்து பனியில் ஒரு சொட்டு விட்டேன். பழுப்பு மருந்து பனியைத் தொட்டதும் கருநீலமாகிவிட்டது. மாவுச்சத்துக்கு அயோடின் பட்டால் கருநீலம். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் செய்து காட்டியிருந்தார்கள்.

இந்த ஆர்டருக்குக் களி குழைத்தபோது பொடி வழக்கத்தைவிடப் பசையை அதிகம் குடித்தது நினைவுக்கு வந்தது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பொடிப்பை சில நாள் என் வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்தது.

வீட்டில் அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள்.

"எம்மா, கட்டிலுக்கு அடியில இருந்த என் கோலப்பொடிப் பையில எதையும் போட்டியா?"

"ரெண்டு கை மாவு போட்டேன். சலிச்ச நல்ல மாவுதான்."

"எதுக்கும்மா?"

அம்மா முறுக்கு உழக்கைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "எதுக்கா? வெறுங்கல்லையா வாசல்ல போடுவாக? ஒரு எறும்பு வந்து வாய் வச்சா அதுக்கு அதுல என்ன இருக்கு? பாவம்லா."

எங்கள் சந்தில் பல வீடுகளில் இப்படித்தான். கோலப்பொடி டப்பாவில் கொஞ்சம் அரிசி மாவு கலந்துவைப்பார்கள். கோலம் போடுவது அழகுக்கு மட்டுமில்லை, விடிந்ததும் ஏதோ ஒரு ஜீவன் அதில் சாப்பிட வேண்டும் என்பது கணக்கு. அம்மா என் பையைப் பார்த்திருக்கிறாள். மகள் மாவு கலக்க மறந்துவிட்டாள் என்று எனக்கு ஓர் உதவி செய்திருக்கிறாள்.

"அது வாசலுக்கு இல்லம்மா. பனிக்கு."

"பனிக்குன்னா? எறும்பு என்ன, இது கோலம், இது பனின்னு எழுதியிருக்கதப் படிச்சிட்டா வரும்?"

அம்மா அடுத்த முறுக்கைப் பிழிந்தாள்.

சொல்வதா வேண்டாமா

மாடிக்குத் திரும்பியபோது ஷமீமா ஜன்னல் கட்டையைத் துடைத்து, சாம்பிள் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் தீவாக வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அது ஏசி ரூமுளா. எறும்பு எங்க வரப்போவுது?"

"அங்க சமோசா விக்காங்க. கேக் விக்காங்க."

"வராமலும் இருக்கலாம்லா."

"இருக்கலாம்."

"நாம போய்ச் சொன்னா வாபஸ். வாபஸ்னா மாடி போச்சு. தெரிஞ்சுதான் பேசுதியா?"

தெரிந்துதான் பேசினேன். என் வேலையில் இதைப்போல ஒரு போன் உண்டு. தூணுக்கு ஊற்றிய கான்கிரீட்டில் ஒரு கட்டியை எடுத்துவைத்து, பின்னால் உடைத்துப் பார்ப்போம். கட்டி தாங்கவில்லை என்றால் சைட்டுக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே தூண் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். போனை எடுக்கிறவர் நம்மைத்தான் திட்டுவார். ஆனாலும் அடுத்த தளம் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். ஏறியபிறகு சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

செம்பூரில் அடுத்த தளம் ஏறுவது மறுநாள் சாயங்காலம். அன்றுதான் மேஜையைத் திறக்கிறார்கள். வருகிறவர்கள் தங்கள் சொந்தச் சிப்பாய்களை, மாதக்கணக்கில் உட்கார்ந்து வர்ணம் தீட்டியவற்றை, எங்கள் தட்டுகளில் நிறுத்துவார்கள்.

"திருப்பிக் கொண்டுவர வேண்டாம்" என்றேன். "நாமளே அங்க போயி, அங்கயே சுரண்டி, அங்கயே புதுசாப் போடுவோம்."

"அந்தக்கா விடுவாகளா?"

"விடச் சொல்லுவோம்."

மறுநாள் காலையில் பசை, பட்டி, பெயின்ட், வடிகட்டி, மல்துணி, சுரண்டும் கத்தி, அயோடின் பாட்டில் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினோம். கீழே வாப்பா வெட்டு மேஜையிலிருந்து நிமிர்ந்தார்.

"எங்க போறிய மூட்டையோட?"

ஷமீமா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "பனியில அரிசி மாவு கலந்துபோச்சு வாப்பா. எறும்பு திங்குது."

பட்டறையே சிரித்தது. பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்த முருகன் அண்ணன், "நம்ம பெல்ட்டை எறும்புகூட மோந்து பாக்காது பாய், அவுக மாலுக்கு டிமாண்டு இருக்கு" என்றார்.

வாப்பா சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். "நடங்க. நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு வாப்பா?"

"எதுக்கா? எம் பட்டறையிலேர்ந்து போன மாலு. புள்ளைகள ஏச்சு வாங்க அனுப்பிட்டு நான் இங்க உக்காந்து டீ குடிக்கவா?"

அவர் வருவது எங்களுக்கு ஆறுதலாக இல்லை. வாபஸ் நடந்தால் அதைக் கண்ணால் பார்க்கப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போகிறோம்.

செம்பூர்

சயானில் பஸ் ஏறினோம். செம்பூர் ஸ்டேஷன் மார்க்கெட்டில் ரங்கோலிப் பொடி விற்கும் அம்மாவிடம் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்து அயோடின் விட்டேன். "அரே, யே க்யா டாலா?" என்று, என்னத்தை ஊற்றினேனோ என்ற பதற்றத்தில் அவர் எழுந்தே விட்டார். பொடி பழுப்பாகவே நின்றது. சுத்தமான கல். பை நிறைய வாங்கினேன்.

"கோலப்பொடிக்கு மருந்து போட்டு வாங்குதவள இப்பத்தான் பாக்கேன்" என்றார் வாப்பா.

கஃபேயின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. வைஷ்ணவி உள்ளே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் எங்கள் மேஜை: எங்கள் பனி போர்த்திய மலை, உடைந்த பாலம், வரிசையாக எங்கள் தட்டுகள். கண்ணாடிக் கதவு வழியே அதைப் பார்த்தபோது, அவ்வளவு கலக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

நானே சொன்னேன். சுற்றி வளைக்காமல், மாவு, எறும்பு, அயோடின் என்று வரிசையாக.

"எறும்பா?" அவர் கையிலிருந்த நாற்காலி அப்படியே நின்றது. "இன்னிக்கு சாயங்காலம் எத்தனை பேர் வரா தெரியுமா? அவாளோட ஃபிகர்ஸ் மேலல்லாம் எறும்பு ஏறித்துன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"அதனாலதான் வந்தோம் மேடம்."

"வேண்டாம்மா. தப்பா நினைச்சுக்காதீங்கோ. எல்லாத்தையும் எடுத்துண்டு போயிடுங்கோ. நான் டேபிளை பிளெயினாவே ஓப்பன் பண்ணிக்கறேன்."

எடுத்துண்டு போயிடுங்கோ. ஷமீமா கதவருகே நின்ற வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வியாபாரி முகம்.

"எடுத்துட்டுப் போக வரல மேடம்" என்றேன். "மாத்திக் குடுக்க வந்திருக்கோம். இங்கயே, இப்பவே."

"புதுசுலயும் எறும்பு வந்தா?"

"வராது."

"எப்படிச் சொல்றேள்?"

"காட்டுறேன். உங்க கடையில எறும்பு எங்க இருக்கு?"

வைஷ்ணவிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "என் கடையில எறும்பா! டெய்லி ஃபினாயில் போட்டுத் துடைக்கறேன்."

"அக்கா," ஷமீமா காபி மேடைப் பக்கமிருந்து மெல்லக் கூப்பிட்டாள். "சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால."

இருந்தது. நல்ல ஆரோக்கியமான வரிசை.

ஒரு சாஸரை வாங்கினேன். ஒரு பக்கம் மேஜையிலிருந்து சுரண்டிய பழைய பனி, மறு பக்கம் புதிய பொடி, இரண்டுக்கும் ஒரே பசை. வரிசை போகும் வழியில் சாஸரை வைத்தேன். நாலு பேரும் குனிந்து நின்றோம். முதல் எறும்பு புதிய பனிக்குள் போய், நடுவில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டு, வெளியே வந்துவிட்டது. அடுத்தது பழைய பனியைத் தொட்டது. தொட்டதும் ஒரு துகளைக் கவ்விக்கொண்டு திரும்பியது. கொஞ்ச நேரத்தில் பழைய பனியைச் சுற்றிக் கூட்டம். புதிய பனி ஆளில்லாமல் கிடந்தது.

வைஷ்ணவி எப்போது போனை எடுத்தாரென்று தெரியவில்லை, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "என் கடையில லேப் நடக்கறது" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். பாதி சிரிப்பு.

"அஞ்சரைக்கு ஷட்டர் ஏத்துவேன். அதுக்குள்ள முடியுமா?"

"முடியும்" என்றோம் நானும் ஷமீமாவும்.

சுரண்டல்

பட்டிக்குக் கீழே போகாமல், மேல் களியை மட்டும் சீவி எடுக்க வேண்டும். தோல் சீவுகிறவர் ஒருவர் கூடவே இருக்கிறாரே என்று வாப்பாவிடம் ஒரு தட்டைக் கொடுத்தேன். அவர் கத்தியை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். பனி போனது. பாறை போனது. ஷமீமா ஒரு மாலை முழுக்கச் செய்த பைன் மரமும் போனது.

"வாப்பா!"

"இவ்வளவு லொடலொடன்னு இருந்தா எப்படி? தோலு இப்படியா கையோட வரும்?"

"மாமா, கத்தியக் குடுங்க" என்றேன். "நீங்க ஹேர் டிரையரப் புடிங்க."

வைஷ்ணவி வீட்டிலிருந்து வரவழைத்த டிரையரை அவரிடம் கொடுத்தோம். அவர் அதைத் துப்பாக்கிபோல் பிடித்து, அப்போதுதான் தூவிய பனிக்கு நேராக வைத்து முழு வேகத்தில் போட்டார். உடைந்த பாலத்தின் பனி வைஷ்ணவியின் புடவையில் விழுந்தது.

"தூரம் மாமா, தூரம்! ஒரு கை தள்ளி!"

"பட்டறையில நாந்தான் எல்லாத்தையும் வெரட்டுவேன்" என்று அவர் வைஷ்ணவியிடம் முறையிட்டார். "இங்க பாருங்க, என்னை வெரட்டுதாக."

"நன்னா விரட்டட்டும். என் புடவையைப் பாருங்கோ."

அதன்பிறகு பேச்சு குறைந்துவிட்டது. ஷமீமா சீவினாள், நான் களி தடவினேன், அவள் காலடித் தடம் வைத்தாள், நான் தூவினேன். வாப்பா ஒரு கை தள்ளி நின்று காயவைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு வைஷ்ணவி வாங்கிவந்த வடாபாவை ஒரு கையால் தின்றோம். மலையின் வடக்குச் சரிவை இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. முதல் தடவை நீலம் கூடிவிட்டது. சீவிய பழைய பனியை ஷமீமா ஒரு காகிதத்தில் மடித்து ஜன்னலுக்கு வெளியே, எறும்புகளுக்குக் கொட்டினாள்.

ஒரு கட்டத்தில், தலையை நிமிர்த்தாமலே அவள் கேட்டாள்: "இது வாபஸ்தானா வாப்பா?"

டிரையர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். ஷமீமா இன்னொரு முறை கேட்கவில்லை. அடுத்த தட்டை எடுத்தேன்.

ஷட்டர் ஏறியபோது கடைசி வரிசை மட்டும் பாக்கி. வந்தவர்களில் ஒருவர், தோளில் பெரிய பை மாட்டியவர், பெட்டியைத் திறந்து தன் சிப்பாய் ஒருவனை எடுத்து எங்கள் தட்டில் நிறுத்தினார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிப்பாயின் உயரத்திலிருந்து பார்த்தார். "அரே யார்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம், "டண்ட் லக் ரஹீ ஹை."

பார்த்ததற்கே அவருக்குக் குளிர்கிறதாம். ஷமீமா என் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது.

வைஷ்ணவி போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "அடுத்த மாசம் உறைஞ்சுபோன ஏரி ஒண்ணு வேணும். தட்டெல்லாம் நான் கூரியர்ல அனுப்பிடறேன். அட்ரஸ் சொல்லுங்கோ."

ஷமீமா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சொல்வதற்கு எங்களிடம் ஓர் அட்ரஸ் இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது. முறுக்கு அடுப்புக்குப் பக்கத்தில் உறைந்த ஏரியை எங்கே காயவைப்பது என்று யோசித்துக்கொண்டே என் வீட்டு விலாசத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தாராவின்னு போடுங்க" என்றார் வாப்பா. டிரையரை நிறுத்தியிருந்தார். தெருவைச் சொன்னார், சந்தைச் சொன்னார். வைஷ்ணவி போனில் தட்டிக்கொண்டார்.

"உங்க பட்டறை பேர்?"

"அது கீழ. அதைப் போட்டா பார்சலை எவனாவது பெல்ட்டுன்னு பிரிச்சிருவான்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஷமீமா, கோமதி. மாடி. அப்படிப் போடுங்க."

வைஷ்ணவி போட்டார்.

ஷமீமா கத்தியைக் கீழே வைத்தாள். "காசிம் மச்சானோட மெஷினு?"

"கீழ எடம் பண்ணணும். என் மேசையத் தள்ளிப் போட்டா ஆச்சு." அவர் மறுபடியும் டிரையரைப் போட்டு, ஒரு கை தள்ளிப் பிடித்தார். "வழிய விட்டு நில்லுங்க ரெண்டு பேரும். அந்தப் பாலத்துக்கு அடியில இன்னும் காயல."